மங்களூர் மெயிலுக்கு ஒரு பை புத்தகம்

தெய்யம் என்ற சாமியாட்டம் பார்க்கவென்று நான் முதல்முறை கண்ணூர் போய் இறங்கியது ஒரு ஜூலை மாதம். ஸ்டேஷனிலிருந்து விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் குடை இரண்டு முறை மேல்நோக்கி மடங்கிவிட்டது. வரவேற்பில் இருந்தவரிடம், "ராத்திரி பக்கத்துல எங்கேயாவது தெய்யம் உண்டா?" என்று கேட்டேன். அவர் என்னையும், சொட்டச் சொட்ட நின்ற என் பையையும் ஒருமுறை பார்த்தார். "இனி துலாத்திலே உள்ளூ, சாரே" என்றார். துலாம் என்றால் நம் ஐப்பசி. மூன்று மாதம் பாக்கி இருந்தது.

குற்றத்தை யார் தலையில் கட்டுவது? வில்லியம் டால்ரிம்பிள் 2009-ல் எழுதிய 'நைன் லைவ்ஸ்' நூலில் கண்ணூர்த் தெய்யக்காரர் ஒருவரைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதைப் படித்த வேகத்தில் கிளம்பிப் போனவன் நான். வருடத்தில் ஒன்பது மாதம் கிணறு தோண்டியும் சிறை வார்டராக வேலை பார்த்தும் பிழைக்கிறவர், மீதி மூன்று மாதம் தெய்வமாகிறார். அது அந்த அத்தியாயத்திலேயே இருந்தது. நான் கதையாகப் படித்தேனே தவிர நாட்காட்டியாகப் படிக்கவில்லை. ஊருக்குப் போவதற்காக ஒரு புத்தகத்தைப் படிக்கிறவன் அதைக் கொஞ்சம் அற்பத்தனமாகவும் படிக்க வேண்டும். எந்த மாதம், என்ன சோறு, ஆற்றில் தண்ணீர் உண்டா என்றெல்லாம் பார்த்துப் படிக்க வேண்டும். எனக்கு அது அந்த மழையில்தான் உறைத்தது.

இரண்டாவது தடவை பிப்ரவரியில் போனோம். இந்த முறை மனைவியும் உடன் வந்தாள். போவதற்கு நான்கு மாதம் முன்பே என்ன படிப்பது என்று நண்பர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். கேட்டவர்கள் எல்லோரும் மறுயோசனை இல்லாமல் சொன்னது இரண்டு பெயர்கள்: தகழியின் 'செம்மீன்', அப்புறம் பஷீர். "கேரளாதானே? செம்மீன் படிக்காம எப்படி?"

'செம்மீன்' பெரிய நாவல், அதில் சந்தேகமில்லை. சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது நமக்குக் கிடைத்த கொடை. ஆனால் அது ஆலப்புழைக் கடற்கரையின் கதை. கோழிக்கோட்டிலிருந்து ஆலப்புழைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கோவில்பட்டிக்குப் போகிறவன் கையில் 'மோகமுள்'ளைக் கொடுத்து அனுப்புவதும் இதுவும் ஒன்றுதான். பஷீர் விஷயம் இன்னும் வேடிக்கை. அவருடைய கடைசிக் காலம் கோழிக்கோட்டை ஒட்டிய பேப்பூரில் கழிந்தது. பேப்பூர் சுல்தான் என்றே பெயர். ஆனால் 'பாத்துமாவின் ஆடு' கத்திக்கொண்டிருப்பது வைக்கத்துக்குப் பக்கத்திலுள்ள தலையோலப்பறம்பில். 'மதில்கள்' நிற்பது திருவனந்தபுரம் சிறையில். இந்தக் கதைகளின் ஊர் பேப்பூர் அல்ல. பஷீரைப் படியுங்கள், எப்போது வேண்டுமானாலும் படியுங்கள். குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்புகளில் அந்தக் குறும்பு தமிழிலும் உயிரோடு இருக்கிறது. மலபார் பயணத்துக்காக என்று மட்டும் எடுத்து வைக்காதீர்கள்.

மாநிலத்தின் பெயரைச் சொல்லிப் புத்தகம் தேடுவதில்தான் கோளாறு. மாநிலம் என்பது மிகப் பெரிய சொல். அதற்குள் நாலைந்து நாடுகள் இருக்கும். நான் தேடும் பரப்பைச் சுருக்கிக்கொண்டேன். பழைய மலபார் மாவட்டம் போதும். அதிலும் ரயில் பாதையை ஒட்டிய ஊர்கள் போதும். பாலக்காட்டிலிருந்து கண்ணூர் வரை நீளும் இந்த மாவட்டம் 1800 முதல் 1956 வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. கோழிக்கோட்டு கலெக்டர் கோட்டைக்குக் கடிதம் எழுதினால் அது நம் ஜார்ஜ் கோட்டைக்குத்தான் வரும். அந்த கலெக்டர்களில் ஒருவரான வில்லியம் லோகன் 1887-ல் 'மலபார் மேனுவல்' என்று இரண்டு தொகுதிகள் கொண்டுவந்தார். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். நூலகத்தில் உட்கார்ந்து நில உரிமை பற்றிய பகுதியை மட்டும் படித்தேன். முழுதாகப் படித்தேன் என்று சொன்னால் பொய். 1881-ல் மலபாரின் குத்தகை முறையை விசாரிக்க அரசு நியமித்ததும் இவரைத்தான். மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளைமார் அவ்வப்போது கிளர்ந்தெழுவதற்கு அடியில் மதம் மட்டும் இல்லை, நிலத்திலிருந்து வெளியேற்றப்படும் குடியானவனின் வயிற்றெரிச்சல் இருக்கிறது என்று சொன்ன பிரிட்டிஷ் அதிகாரி. அவர் சொன்னது காதில் ஏறியிருந்தால் நாற்பது வருடம் கழித்து 1921-ல் வெடித்த கிளர்ச்சி நடக்காமல் போயிருக்குமோ என்னவோ.

பையில் ஒவ்வொன்றாகப் புத்தகங்கள் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, அங்கே போயும் படிச்சுக்கிட்டேதான் இருக்கப்போறீங்கன்னா, எதுக்குங்க போகணும்? இங்கேயே ஃபேனைப் போட்டுக்கிட்டுப் படிக்கலாமே." நியாயமான கேள்வி. கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். பெரும்பாலானவற்றைக் கிளம்பும் முன்பே படித்து முடித்துவிட வேண்டும், பையில் மூன்றுக்கு மேல் கூடாது, நான் படித்தவற்றில் ஒன்றை அவளும் படிப்பாள். அவள் 'நாலுகெட்டு' என்றாள். தலைப்பு பிடித்திருந்ததாம்.

மங்களூர் மெயில் சென்னை சென்ட்ரலில் இருந்து இரவில் கிளம்புகிறது. சேலம், ஈரோடு, திருப்பூர் எல்லாம் தூக்கத்தில் போய்விடும். போத்தனூரில் மட்டும் நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களைத் திரூரில் ஒரு சரக்கு வேகனில் அடைத்து, பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினார்கள். காற்றுப் புகாத வேகன். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே குவியலாகப் பிணங்கள். இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே தடத்தில், எதிர்த்திசையில் நடந்த பயணம் அது. உறூபின் 'சுந்தரிகளும் சுந்தரன்மாரும்' அந்தக் கிளர்ச்சிக் காலத்தைத் தொட்டுத் தொடங்கி, மூன்று தலைமுறைகளை நடத்திக்கொண்டு போகும் நாவல். என் அரைகுறை மலையாளத்தில் பாதிவரைதான் தாண்ட முடிந்தது. அந்தப் பாதியே போத்தனூர் நடைமேடையை வேறு ஊராக்கிவிட்டது. டீ விற்பவர் ஜன்னலோரம் வந்து நின்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பாலக்காட்டில் இறங்கினோம். ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' படித்தவர்கள் இங்கே இறங்காமல் போவது கஷ்டம். 1956-ல் விஜயனின் சகோதரிக்குத் தஸ்ராக் என்ற சிற்றூரில் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைக்க, கூடப் போய்த் தங்கியவர் அவர். அங்கே கண்ட மனிதர்களை வைத்துப் பன்னிரண்டு வருடம் எழுதிக் கிழித்து எழுதி, 1968-ல் 'மாத்ருபூமி' வார இதழில் தொடராக வந்து, அடுத்த ஆண்டு புத்தகமானது. மலையாள உரைநடையை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசுகிறார்கள். யூமா வாசுகி செய்த தமிழாக்கம் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றது. அதைத்தான் வாசித்தேன்.

நாவலின் ரவி தாம்பரத்தில் இயற்பியல் படித்தவன். எல்லாவற்றையும் உதறிவிட்டு இந்தக் கிராமத்துக்கு வாத்தியாராக வந்து சேர்கிறான். ஊரில் பாதி ராவுத்தர் வீடுகள். பாலக்காட்டு ராவுத்தர்களின் பேச்சில் தமிழ் தாராளமாகப் புழங்கும். நாவல் மலையாளிகளுக்கே கொஞ்சம் அந்நியமாகக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்கு அதுவே பக்கத்து வீட்டுக் குரல். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த உரையாடல்கள் வேறு மாதிரி காதில் விழும்.

தஸ்ராக்கில் ஞாற்றுப்புரையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஞாறு என்பது நம் நாற்றுதான். நடவைக் கவனிக்க வரும் நிலக்காரர் தங்குவதற்கான வயலோர வீடு. தாழ்ந்த ஓட்டுக் கூரை, குனிந்துதான் நுழைய வேண்டும், உள்ளே குளுமை. வெளியே நாவலின் பாத்திரங்களைக் கல்லில் வடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அப்புக்கிளியை நான் ஒரு மாதிரி மனதில் வைத்திருந்தேன். கல்லில் வேறு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஆனால் வரப்போரம் வரிசை கட்டிய பனைமரங்கள் புத்தகத்தில் இருந்ததுபோலவே இருந்தன. கணவாய் வழியாக வரும் காற்றில் ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் நிற்கவே இல்லை. கேரளம் என்றதும் தென்னையை நினைக்கிறவர்களைப் பாலக்காட்டுப் பனைகள் திருநெல்வேலிக்கே கொண்டுபோய்விடும்.

நாவலில் செதலி என்று ஒரு மலை வரும். ஊர்மேல் நிழல்போல நிற்கும். நானும் தொடுவானம் முழுக்கப் பார்த்தேன். தூரத்தில் மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது. எது செதலி? திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கேள்விக்குப் பழகியவர்போலச் சிரித்தார்.

"அது புஸ்தகத்துல உள்ளதாக்கும் தம்பி. இங்க வந்து தேடினா கெடைக்காது."

"நீங்க புஸ்தகம் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சதில்ல. வர்றவங்க எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிச் சொல்லி இப்ப எனக்கும் தெரியும்."

ஊரே படிக்காமல் ஒரு நாவலை மனப்பாடமாக வைத்திருக்கிறது. திரும்பும்போது மனைவி கேட்டாள்: "அப்போ நீங்க இங்கே எதைத்தான் பார்க்க வந்தீங்க?" பனையைக் காட்டினேன்.

மறுநாள் காலை கோழிக்கோடு செல்லும் ரயிலில் ஏறியதும் நான் வற்புறுத்திப் பிடித்தது இடப்பக்க ஜன்னல். பாலக்காட்டிலிருந்து பறளி, ஒற்றப்பாலம், ஷொர்ணூர், பட்டாம்பி, குற்றிப்புரம் என்று இந்தப் பாதை பாரதப்புழையின் வடகரையை ஒட்டியே போகிறது. ஆறு இடப்பக்கம் தெரிந்தும் மறைந்தும் கூடவே வரும். நிளா என்று செல்லப்பெயர். 209 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு பிறப்பது நம் ஆனைமலையில். பிப்ரவரியில் நாங்கள் பார்த்தபோது அது ஆறாக இல்லை. மணல் திட்டு, அதில் புல், புல்லில் மாடு, ஓரமாக ஒரு சிறு நீர்க்கோடு. பல இடங்களில் மணலும் இல்லை, அள்ளிப் போய்விட்டார்கள்.

எம்.டி. வாசுதேவன் நாயரின் கூடல்லூர் குற்றிப்புரத்துக்குச் சற்று முன்னால், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. தூதப்புழை வந்து நிளாவில் சேரும் இடம். கூடல் ஊர் என்றுதான் தமிழ்க் காதில் விழுகிறது. 1933-ல் பிறந்து 2024 டிசம்பர் 25-ல் மறைந்த எம்.டி., வாழ்நாள் முழுக்க இந்த ஆற்றையும் இந்தக் கரையையுமே எழுதினார். ஆறு சாவதையும் எழுதினார், மேடை மேடையாகப் பேசினார். 'நாலுகெட்டு' வந்தது 1958-ல். அதன் அப்புண்ணி, தன் இஷ்டத்துக்குத் திருமணம் செய்துகொண்டதால் தரவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீட்டை விட்டு வெளியேற வேண்டிவந்த ஒரு தாயின் மகன். அந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைய உரிமை இருந்தும் இடமில்லாதவன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு நாலுகெட்டு என்றால் சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு படம் வரும்: நடுமுற்றம், மேலிருந்து விழும் மழை, தேக்குத் தூண்கள், பித்தளை உருளியில் மிதக்கும் செம்பருத்தி, ஒரு இரவுக்கு இத்தனை ஆயிரம். ஒற்றப்பாலம் பக்கத்தில் நாங்களும் அப்படிப்பட்ட ஒரு பழைய வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டிருந்தோம். வீட்டைச் சுற்றிக் காட்டியவர் மரவேலைப்பாட்டைப் பற்றி நிறைய சொன்னார். மனைவி ஓர் இருட்டறையின் வாசலில் நின்று, "இங்கே யாரு படுத்திருப்பாங்க?" என்று கேட்டாள். அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அவள் நாவலைப் படித்திருந்தாள். காரணவர் என்ற மாமன் ஒருவர் கையில் களஞ்சியச் சாவி, யாருக்கு எவ்வளவு கஞ்சி என்பது அவர் கணக்கு, பெண்களும் பிள்ளைகளும் ஈரம் கசியும் அறைகளில். மருமக்கள்தாயத்தில் சொத்து பெண்வழியில் இறங்கும் என்பதால் பெண்கள் ராணிகளாக இருந்தார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். சொத்து பெண்வழியில் இறங்கியது, சாவி ஆண் இடுப்பில் இருந்தது. 1933-ல் வந்த சென்னை மாகாணச் சட்டம்தான் இந்தக் கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்க வழிவிட்டது. கேரளம் 1975-ல் சட்டம் போட்டுக் கூட்டுக்குடும்ப உடைமை முறையையே முடித்துவைத்தது. கடைசியில் அப்புண்ணி அந்த வீட்டை என்ன செய்ய நினைக்கிறான் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதைப் படித்துவிட்டு அப்படி ஒரு வீட்டுக்குள் நின்று பாருங்கள்.

ஒரு ஊருக்குப் போகும் முன் படிப்பதற்கு நாவல்தான் தோதானது என்று நான் நினைப்பது இதனால்தான். வழிகாட்டி நூல் எதைப் பார்ப்பது என்று சொல்லும். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் விட்டுவிட்டதைக் கேட்பதற்கு ஒரு கேள்வியை நாவல் கையில் கொடுத்து அனுப்பும்.

திரூரில் துஞ்சன்பறம்பைச் சீக்கிரமே பார்த்து முடித்தோம். பதினாறாம் நூற்றாண்டில் எழுத்தச்சன் கிளிப்பாட்டு பாடிய இடம் என்று போற்றுகிறார்கள். விஜயதசமிக்குப் பிள்ளைகளுக்கு எழுத்து அறிவிக்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அங்கே ஒரு எட்டி மரம் உண்டு. எழுத்தச்சன் அதனடியில் உட்கார்ந்து பாடியதால் அதன் இலை கசப்பதில்லை என்பது ஐதீகம். எட்டியில் இருப்பது விஷம். சோதித்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இந்தத் திரூரிலிருந்து பேப்பூர்க் கரைக்கு 1861-ல் போட்டதுதான் இன்றைய கேரள எல்லைக்குள் ஓடிய முதல் ரயில் பாதை. எங்களைச் சுமந்துபோன தண்டவாளத்துக்கும் ஒரு வயது இருக்கிறது.

கோழிக்கோட்டுக்கு எஸ்.கே. பொற்றெக்காட். இவரே பெரிய ஊர்சுற்றி. ஆப்பிரிக்கா, பாலி என்று சுற்றி மலையாளத்தில் பயண இலக்கியத்தை ஒரு வகையாகவே நிலைநிறுத்தியவர். தலச்சேரித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். உலகமெல்லாம் சுற்றியவருக்கு 1980-ல் ஞானபீடம் வாங்கிக் கொடுத்தது சொந்த ஊரைப் பற்றிய 'ஒரு தேசத்தின்டெ கதா'. ஆனால் ஊருக்குள் கால்வைக்கும் முன் படிக்க வேண்டியது அதற்கு முந்தைய 'ஒரு தெருவின்டெ கதா'. அந்தத் தெரு மிட்டாய்த் தெரு. இங்குள்ள அல்வாவைக் கண்ட வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் என்பார்கள். இப்போது வண்டிகளை விடுவதில்லை, நடந்தே போகலாம். முகப்பில் பொற்றெக்காட் சிலையாக நிற்கிறார். கறுப்பு, பச்சை, சிவப்பு என்று பாளம் பாளமாக அல்வா. கத்தி இறங்கும்போது தேங்காயெண்ணெய் மினுங்கும். கடைக்காரர் கேட்காமலே ஒரு துண்டு நீட்டுவார், வாங்காமல் நகர முடியாது. நாவலில் வருபவர்கள் அல்வா வாங்குகிறவர்கள் இல்லை. அந்தத் தெருவில் பொறுக்கியும் விற்றும் திருடியும் சுமந்தும் படுத்தும் எழுந்தும் வாழ்கிறவர்கள். கடை மூடும் நேரம் வரை நாங்கள் அங்கேயே திரிந்தோம். ஷட்டர்கள் இறங்கியபின் யார் மிஞ்சுகிறார்கள் என்று பார்க்கத்தான். அட்டைப்பெட்டி பிரித்து அடுக்கும் ஒருவர், இரண்டு நாய்கள், துடைப்பத்தோடு இரண்டு பெண்கள். 2023-ல் யுனெஸ்கோ கோழிக்கோட்டை இலக்கிய நகரம் என்று அறிவித்தது. ஆட்டோக்காரர் அதைச் சொல்லி ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டார் என்பது என் சந்தேகம்.

வயநாட்டுக்கு ஏறவில்லை. ஏறுகிறவர்கள் பொற்றெக்காட்டின் 'விஷக்கன்னி'யைப் படித்துவிட்டு ஏறலாம். குறிஞ்சிவேலன் தமிழில் செய்திருக்கிறார். திருவிதாங்கூரிலிருந்து நிலம் தேடி வந்த கிறிஸ்தவக் குடும்பங்களை அந்த மண் எப்படி இழுத்து, மலேரியாவில் எப்படி விழுங்கியது என்ற கதை. அதற்குப் பிறகு ரிசார்ட் பால்கனியில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்ப்பது அவ்வளவு சுலபமாக இருக்காது.

மாஹே மிகச் சிறிய ஊர். ஒன்பது சதுர கிலோமீட்டர். மூன்று புறம் கேரளம், ஒரு புறம் கடல், ஆட்சி மட்டும் புதுச்சேரியிலிருந்து. 1720-களில் பிரெஞ்சுக்காரர் பிடித்த இந்தத் துண்டு, 1954 ஜூலை 16-ல்தான் அவர்கள் கையை விட்டுப் போனது. சாலையில் போகிறவர்களுக்கு மாஹே என்றால் மலிவான சாராயமும் மலிவான பெட்ரோலும். பேருந்து ஊருக்குள் நுழைந்ததும் மதுக்கடைப் பலகைகள் வரிசையாக வருவதும், சட்டென்று நின்றுபோவதும்தான் எல்லைக்கோடு. இந்த ஊரைப் பற்றி முகுந்தன் 1974-ல் எழுதிய நாவல் தமிழில் 'மய்யழிக் கரையோரம்' என்று வந்தது. மய்யழி என்பதுதான் ஊரின் சொந்தப் பெயர்.

இந்த நாவலை நான் இரண்டுமுறை படித்தேன், போகும் முன் ஒரு முறை, ஆற்றங்கரை விடுதியில் மறுமுறை. விடுதலைப் போராட்டக் கதை என்று நினைத்துத் திறக்கிறவன் திகைப்பான். மூக்குப்பொடி டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் குறம்பியம்மாவுக்குத் துரைமார்கள் மேல் பிரியம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறும்போது அழுகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் துரோகிகள் அல்லர், வெறும் கிழவிகள். போராடுகிற பேரன் தாசனுக்கும் வெற்றி இனிக்கவில்லை. கடலுக்குள் தெரியும் வெள்ளியாங்கல் என்ற பாறையில், பிறப்பதற்குக் காத்திருக்கும் உயிர்கள் தும்பிகளாகப் பறக்கின்றன என்பது நாவலில் வரும் நம்பிக்கை. மாலையில் முகத்துவாரத்தில் நின்றோம். பாறை தெரியவில்லை, மூட்டமாக இருந்தது. புல்மேட்டில் தும்பிகள் நிறைய இருந்தன. பூங்காவில் பிரெஞ்சுக் குடியரசின் அடையாளமான மரியான் சிலை இன்னும் நிற்கிறது, யாரும் அப்புறப்படுத்தவில்லை. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழர் எவரும் இந்த நாவலைப் படிக்காமல் இருக்கக்கூடாது என்பேன். தங்கள் ஊரின் இன்னொரு பாதி இது.

தலச்சேரியைக் கடந்து போனோம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கென்று படித்தது சந்து மேனோனின் 'இந்துலேகா', 1889-ல் வந்தது. அதன் நாயகன் மாதவன் சென்னையில் படித்தவன். சென்னைத் தலைமைச் செயலகத்தில் உத்தியோகம் கிடைப்பதுதான் அவனுடைய பெரிய விடிவு. பதினெட்டாம் அத்தியாயத்தில் மதம், காங்கிரஸ் என்று நீண்ட வாதம் ஒன்று வரும். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிவிடலாம், கதை காத்திருக்கும். இந்த ஊரில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து மலையாள அகராதி செய்த குண்டர்ட், முதலில் வந்து தமிழ் பழகியது திருநெல்வேலிச் சீமையில்.

கண்ணூரில் இந்த முறை தெய்யம் கிடைத்தது. ஒரு காவில், விடியற்காலை நாலு மணிக்கு, தென்னந்தோப்புக்கு நடுவே. முகத்தில் சிவப்பும் கருமையும் எழுதி முடித்து, ஆளுயரத்துக்கு மேல் முடியைத் தலையில் ஏற்றிக் கட்டியபின், ஒரு சிறு கைக்கண்ணாடியைத் தெய்யம் கட்டியவரிடம் நீட்டினார்கள். அவர் அதில் பார்த்தார். கண்ணாடியை வாங்கிக்கொண்டவர் அடுத்த நொடி அவரைக் கும்பிட்டார். அதுவரை "கயிறை இறுக்கு" என்று அதட்டிக்கொண்டிருந்த அதே ஆள்தான். பிறகு வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெய்யம் மஞ்சள் கொடுத்தது. தெய்யம் கட்டுகிறவர்கள் தாழ்த்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அன்று கைகட்டி நின்றவர்களில் பெரிய வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். மனைவியின் கையைப் பிடித்துத் தெய்யம் ஏதோ நெடுநேரம் சொன்னது. என்ன சொன்னது என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை, புரியவில்லை என்கிறாள்.

பையிலிருந்த மூன்றில் கடைசியாக எடுத்தது நிரஞ்சனாவின் கையூர் நாவல். கன்னடத்தில் 'சிரஸ்மரணை', தமிழில் 'நினைவுகள் அழிவதில்லை'. நம் இடதுசாரி இயக்கத்தில் ஒரு தலைமுறையே கைமாற்றிக் கைமாற்றிப் படித்த புத்தகம். என்னிடம் இருப்பதும் மாமா ஒருவருடைய பிரதி. அட்டை இல்லை, ஓரமெல்லாம் பழுப்பு. 1941-ல் கையூரில் குடியானவர்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலில் ஒரு போலீஸ்காரர் ஆற்றில் மூழ்கி இறந்தார். அதற்காக நான்கு இளைஞர்களை 1943 மார்ச் 29-ல் கண்ணூர்ச் சிறையில் தூக்கிலிட்டார்கள். கையூரும் அன்று சென்னை மாகாணம்தான், தென் கன்னட மாவட்டம். ரயில் காசர்கோடு மாவட்டத்துக்குள் போகும்போது பாலங்களுக்குக் கீழே வரும் ஒவ்வொரு ஆற்றையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அமிதவ் கோஷின் 'இன் ஆன் ஆன்டிக் லேண்ட்' மட்டும் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் பல வருடம் வாழ்ந்த பென் யிஜு என்ற யூத வணிகரையும் அவருடைய அடிமையையும், கெய்ரோவில் கிடைத்த பழங்கடிதங்களை வைத்துத் துப்புத் துலக்கிய நூல். ஊரைப் பார்த்துவிட்டு வந்து படிப்பதற்கென்று ஒரு புத்தகம் பாக்கி இருந்தால், பயணம் இன்னும் பதினைந்து நாள் நீளும்.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டே சொல்லுகிறேன். பாலக்காடு தாண்டியதும் எழுந்து போய் இடப்பக்க ஜன்னலில் இருப்பவரிடம் கொஞ்ச நேரம் இடம் கேளுங்கள், கொடுப்பார்கள். தெய்யத்துக்காகப் போவதானால் துலாம் மாதம் பத்தாம் தேதிக்கு, அதாவது அக்டோபர் கடைசி வாரத்துக்கு முன்னால் டிக்கெட் எடுக்காதீர்கள்.